மொபெட் அணையாத மத்தியானம்

கைப்பேசியில் சார்ஜ் குறைந்தால் இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் காட்டு வீடுகளுக்கு அப்போது கரண்டு கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து அப்பாவின் போன்தான். மொபெட்டை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அதன் பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவார். வேப்பமரத்தடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும்.

அன்று அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம். போனில் சார்ஜ் இல்லை. அப்பா மரத்தடியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடியே நின்றார்.

"ஒரு எட்டு போய்ப் பாருங்கண்ணே," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வியக்கா.

"வண்டி நகந்தா போனு வராது தாயி."

புழுதி அப்பிய காலோடு அம்மா நடந்து வந்தாள். "அணைங்க. நாந்தான் வந்துட்டேம்ல."

அப்பா செல்வியக்காவைப் பார்த்தார். வண்டியை அணைக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கும் அதே கம்பெனிதான்.