வத்தல் தெருவில் ஒற்றைத் தும்மல்

விருதுநகர் பஜாரைப் பற்றிப் பெருமை பேசும் வியாதி எனக்கு உண்டு. மிளகாய் வத்தல், மல்லி, உளுந்து எல்லாவற்றுக்கும் ஊர் உலகத்துக்கே விலை சொல்வது எங்கள் தெருக்கள்தான் என்று கேட்டவருக்கும் சொல்வேன், கேட்காதவருக்கும் சொல்வேன். போன மாசியில் என் தங்கையைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தவர்கள் கேட்காதவர்கள்.

அவளுக்கு அது ஐந்தாவது வரன். முதல் மூன்றும் ஜாதகம், உயரம், சம்பளம் என்று கௌரவமான காரணங்களால் தட்டிப்போயின. நான்காவது வீட்டார் மட்டும் நேர்மையாக, உங்கள் தெருவில் கார் நுழையாது என்றார்கள். இந்த மாப்பிள்ளையோடு அவள் இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் மொட்டை மாடியில் நின்று பேசுவாள்.

வந்தவர்கள் தெப்பக்குளத்துப் பக்கம் காரை நிறுத்தினார்கள். ஆட்டோ பிடித்துச் சுற்றிப் போயிருக்கலாம். பழைய பஜார், பார்க்க வேண்டிய இடம், நடந்தே போகலாம் என்று சொன்னது நான்தான்.

அன்று வத்தல் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நெடியிலேயே பிறந்து வளர்ந்து மூக்கு மரத்துப்போன ஜனம் நாங்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் தும்மி நான் கேட்டதில்லை. வெளியூர் மூக்கு என்று ஒன்று இருப்பதே என் நினைவுக்கு வரவில்லை.

"விருந்தாளுகளா? அவுகள இங்கன எதுக்குக் கூட்டியாறீக? மூக்கப் பொத்திக்கிடச் சொல்லுங்க," என்றார் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். நான் சிரித்துவிட்டு, ஒரு பழைய கடையின் தேக்குக் கதவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பின்னால் மாப்பிள்ளையின் அப்பா தும்மினார். அம்மா தும்மினார். மாப்பிள்ளை கண்ணில் நீர் வழியக் கதவை ரசித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை மட்டும், சகுனம் கெடக் கூடாதென்று முந்தானையால் மூக்கைப் பொத்தியபடியே வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும் கையை எடுத்தார். ஒரு தும்மல். ஒன்றே ஒன்று.

இரட்டைத் தும்மல் என்றால் நல்லது, ஒற்றை ஆகாது. எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். வழியெல்லாம் தும்மலை வாரி வழங்கிய என் அருமை பஜார், தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூடத் தரவில்லை. என் அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு அத்தை, "ஒத்தத் தும்மலாப் போச்சு. இன்னொரு நாள் வரோமே," என்றார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. தெருவுக்கே கேட்கும்படியான தும்மல்.

அத்தை யோசித்தார். "பொண்ணா தும்மினது?"

"ஆமாங்க," என்றாள் அம்மா.

"அப்ப ரெட்டையாயிடுச்சு அத்தை," என்று முந்திக்கொண்ட மாப்பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். வேறு வழியில்லாமல் அத்தையும் படியேறினார்.

நான் அடுக்களைக்குப் போனேன். தங்கை காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். மூக்கு சிவக்கவில்லை, கண் கலங்கவில்லை.

"சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"நீ கூட்டியாந்த வழிக்கு நாந்தானண்ணே தும்மணும்," என்றாள். டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.