முறுக்கு உரல் முத்திரை

விம்பிள்டன் காட்டுப் பாதையில் யாரோ ஒளித்துவைத்த பெட்டியைக் குறிப்புப் பார்த்துக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் நம் சொந்த முத்திரையைக் குத்திவிட்டு வர வேண்டும். இந்த விளையாட்டுக்கு லெட்டர்பாக்ஸிங் என்று பெயர்.

இதற்காக இரண்டு வாரம் அழிறப்பரில் யானை செதுக்கினேன். இன்று பெட்டி அகப்பட்டதும் பெருமையோடு குத்தினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனப்பா, எலியையோ செதுக்கினனீங்கள்?"

"அது யானை! ஏலுமெண்டால் நீர் ஒண்டு குத்தும், பாப்பம்."

அவள் கைப்பையில் முறுக்கு உரல் இருந்தது. போன தீபாவளிக்கு இரவல் போனதை இன்று காலையில்தான் கோயிலில் வைத்து மீட்டிருந்தாள். அதில் மாவு பிழியும் துளைத் தட்டைக் கழற்றி, மையில் ஒற்றிக் குத்தினாள். நீல வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம், கச்சிதமாக!

எங்களுக்குப் பின்னால் பெட்டியைத் தேடி வந்த வெள்ளைக்கார அம்மா கொப்பியைப் புரட்டினார். என் யானையைக் கண்டுகொள்ளாமல் நட்சத்திரத்தைப் படம் எடுத்தார். "இவ்வளவு அழகான முத்திரையை நான் கண்டதே இல்லை."

"எங்கள் குடும்ப முத்திரை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் மனைவி, கண் இமைக்காமல்.

நானும் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். குடும்பத் தலைவன் அல்லவா!

தட்டை மூன்று தரம் கழுவியும் மை போகவில்லை. சனிக்கிழமை முறுக்கு சுடுகிறோம். நீல முறுக்குச் சாப்பிடச் சம்மதமானவர்கள் கீழே பெயரை எழுதவும். முத்திரை உள்ளவர்கள் குத்தவும்.