ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு ரீஸ்டார்ட்

அந்த வெள்ளிக்கிழமை பேட்டை டி.டி.பி. சென்டரில் நானும் டைப் அடிக்கும் சங்கரியக்காவும் இருந்தோம்; முதலாளி அண்ணாச்சி இல்லை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கம்ப்யூட்டரில் புது விண்டோஸை ஏற்றச் சொல்லியிருந்தார். கடைசி பிளாப்பியில் திரை அப்படியே நின்றுவிட்டது.

"பைய, தம்பி. அதுவா ரீஸ்டார்ட் ஆவட்டும்லா," என்றாள் அக்கா.

மணியைப் பார்த்தேன்; பத்தரைக்குப் பத்து நிமிஷமே இருந்தது. சுவிட்சை அணைத்து மறுபடி போட்டேன். அப்புறம் அது எழும்பவே இல்லை. அக்கா நான்கு மாதமாக அதில் அடித்திருந்த புத்தகம் அழிந்துபோனது. நகல் எடுக்க மறந்திருந்தேன்.

"ஏட்டி, நீயா அணைச்ச?" வந்ததும் அண்ணாச்சி அக்காவிடம் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். இந்த வேலையைப் பற்றி அப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். குனிந்து பிளாப்பிகளை அடுக்கினேன்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள்.

அண்ணாச்சி அப்போதே கணக்கை முடித்து அவளை அனுப்பினார். செருப்பை மாட்டும்போதுகூட அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நான் காத்திராத பத்து நிமிஷத்துக்கு அக்கா கொடுத்தது, ஆறு வருஷ வேலை.