விட்டுப்போன ஒற்று

கணவர் காலையில் கடலூர் பஸ் ஏறியதும் சிதம்பரத்தில் ஸ்ரீமதியின் வீடு அடங்கிவிடும். பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. அது அலுத்தால் நாவல். நாவலும் அலுத்தால் தலையணை உறையில் பூத்தையல்.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் வினோதினி, ஸ்ரீமதி படித்து முடித்திருந்த ஒரு நாவலைப் புரட்டினாள். பக்கமெல்லாம் பென்சில் சுழி.

"அண்ணி, இந்தக் கதைல வர்ற பொண்ணு கடைசில என்னா ஆனா?"

ஸ்ரீமதி யோசித்தாள். சத்தியமாக நினைவில்லை.

"தெரியல வினோ. கடைசிப் பக்கத்துல நாலு எடத்துல ஒற்று வுட்டுருக்கான்."

"பொழுதுபோக்கப் படிக்கிறதுலயும் வேலையா? வுடுங்க அண்ணி, வேற யாராச்சும் பாத்துக்குவாங்க."

"யாரு பாப்பாங்க? ஒருத்தரும் பாக்க மாட்டாங்க!" என்று எரிந்து விழுந்தாள்.

வினோதினி கிளம்பிப் போனபின் தலையணை உறையின் கடைசி எழுத்தையும் தைத்து முடித்து, நூலை அறுத்து, விரித்துப் பார்த்தாள். பச்சை நூலில் பளிச்சென்று இருந்தது: 'நிம்மதியாக தூங்கு'.

நடுவில் ஒரு 'த்' இல்லை.

பிரிப்பதற்கு ஊசியை எடுத்தாள். 'த்' வர வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஊசியை நூல்கண்டில் குத்திவிட்டு, உறையைத் தலையணைக்கு மாட்டி, அந்தப் பிழையின் மேலேயே கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.