டேப்பு வுடுற வரைக்கும்

அமைதி வேண்டும் என்று கேட்டுத்தான் காவலூருக்கு வந்தேன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அலுவலகம் சொன்னதும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு மலையேறினேன். அமைதி கிடைத்தது. கொஞ்சம் அளவு சொல்லிக் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வானாய்வகத்தில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குபவர். அவரை எழுப்பிவிடுவேனோ என்று கடுகைக்கூடப் பயந்து பயந்துதான் தாளிப்பேன். எதிர் வீட்டுக்காரர்கள் விடிந்ததும் சாமைக் கொல்லைக்குப் போய்விடுவார்கள். ஆக, பகல் முழுக்க நானும் கணினியும்தான்.

என் வேலை பேக்கப். கம்பெனிகளின் கணக்குகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது. முன்பெல்லாம் நிஜ டேப்பில் எழுதி அலமாரியில் அடுக்குவோம். இப்போது டேப்பே கிடையாது. ஒரு பெரிய பெட்டிக்குள், டேப் என்று பேர் வைத்துக்கொண்டு வேஷம் போடும் கோப்புகள்தான். அவை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது நம் இஷ்டம். எங்கள் ஆட்களோ, பழைய டேப் எண்ணூறு ஜிபி பிடித்தது, அதனால் இந்தப் பொய் டேப்பும் எண்ணூறே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்கள். டேப் போய்ச் சேர்ந்தும் அதன் உடம்பளவை மட்டும் விட மனசில்லை. எங்கள் தொழில்காரர்களுக்கே உரிய கிறுக்கு இது.

அதில் ஒரு தொல்லை. ஒரு டேப்பை ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பிடித்துக்கொள்ள முடியும். வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியின் கணினிப் பிரிவில் வயதான பாய் ஒருவர் இருந்தார். முந்தின நாள் கணக்கைப் பேக்கப்பிலிருந்து எடுத்து, சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் வீட்டிலிருந்தபடியே பார்ப்பது அவர் பொறுப்பு. ஆனால் அதே ராட்சத டேப்பில் அவர்களுடைய மற்றக் கிளைகளின் பேக்கப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். அது முடிகிற வரைக்கும் அவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் எனக்குப் போன் செய்வார்.

"இன்னா மேடம், டேப்பு வுட்டுதுங்களா?"

"இல்ல பாய், இன்னும் ஓடுது."

"சரி, ஓடட்டும். மேல குளிரு எப்படிக் கீது? இன்னிக்கு இன்னா கொழம்பு?"

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. என் வீட்டுக் குழம்பைப் பற்றி இவருக்கென்ன? ஆனால் தயிரும் ஊறுகாயும்தான் என்று நாள்தோறும் சொல்ல வெட்கமாகி, அவர் கேட்பாரே என்பதற்காகவே குழம்பு வைக்க ஆரம்பித்தேன். அன்றன்றைக்கு நான் வாய் திறந்து பேசியது அநேகமாக அவரிடம் மட்டும்தான்.

பிறகு அந்தப் பெட்டியை மாற்றினார்கள். புதியதில் டேப் அளவு என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். "பழசு மாதிரியே வெச்சிடுங்களேன்" என்றார் மேலாளர். வைத்திருக்கலாம். ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாரம்தான் பாய் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்: "பேத்தியை நாந்தான் ஸ்கூல்ல வுடணும்னு அது அடம் புடிக்குதுங்க மேடம். எங்க, டேப்பு வுடுறதுக்குள்ள ஆட்டோ வந்துடுது. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு போவுது."

நூறு ஜிபி என்று முடிவு செய்தேன். சின்ன டேப் சீக்கிரம் நிரம்பும். நிரம்பியதும் வேலை அடுத்ததற்குப் போய்விடும். பாயின் கணக்கு இருக்கும் டேப் விடிவதற்குள் சும்மா கிடக்கும். டேப்புகளின் எண்ணிக்கை கூடும், அதை நான் மேய்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் மேலாளருக்கு விளக்கிச் சொன்னேன். இந்த அளவை வைத்தால் காலையில் என்னிடம் பேச ஆளிருக்காது என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல? டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து அளவைப் பதிந்தேன்.

போன் நின்றுவிட்டது. சிக்னல் போயிருக்குமோ என்று வாசலுக்குப் போய்ப் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். சிக்னல் இருந்தது. டேப்புகள் கச்சிதமாக ஓடின. இந்த மலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

ஒரு நாள் காலையில் தாங்கமாட்டாமல் நானே கூப்பிட்டேன். அதற்கு முன்பே புளி கரைத்து, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு கொதிக்கவைத்து இறக்கியிருந்தேன்.

"டேப்பெல்லாம் ஒழுங்கா ஓடுதா பாய்?"

"நல்லா ஓடுதுங்க மேடம். வந்து உக்கார்றதுக்குள்ள முடிஞ்சிடுது." பின்னால் ஸ்கூட்டர் உறுமியது. ஒரு குழந்தை அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. "இதோ, பேத்தியை வுடத்தான் கெளம்பிட்டேன். வேற எதனா கீதுங்களா?"

"இல்ல பாய். சும்மா கேட்டேன்."

"சரிங்க மேடம், வெச்சிட்றேன்."

என்ன குழம்பு என்று கேட்கவில்லை. காத்திருக்க வேண்டியிருந்தால் கேட்டிருப்பார். குழம்பு நன்றாகத்தான் வந்திருந்தது.