வலப்பக்கம் பார்த்த சேவல்

என் பத்திரிகையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அது தன்னுடைய பெயர் என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்தச் சண்டையை இன்னொரு தடவை போட எனக்குத் தெம்பில்லை. நீளமான வடமொழிப் பெயர் என்று மட்டும் தெரிந்தால் போதும். இரத்தினபுரியில் அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் என்னைத் தவிர வேறு யாருமில்லை. அதை அப்போது நான் ஒரு பெருமையாகவே நினைத்திருந்தேன்.

தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை. அதை விட்டுவிட்டு, பழைய கை அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, கடைவீதியில் ஓர் அரிசிக் கடைக்குப் பின்னால் போட்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் பத்திரிகை வெளிவரும். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், பசை காய்ச்சுபவர் எல்லாம் நானே. அச்சுக் கோர்க்க மட்டும் ஒருவர் இருந்தார். அவருக்கும் என் மேல் பெரிய மதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஜனங்கள். அவர்களில் அநேகருக்கு எழுத்துத் தெரியாது. ஒருவர் வாசிப்பார், அவர்கள் குடியிருக்கும் லயம் முழுவதும் உட்கார்ந்து கேட்கும். அவர்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று, கொழும்பில் ஒரு மரக்கட்டையில் சேவல் வெட்டுவித்துப் பெயருக்கு மேலே போட்டேன். அன்றோடு பெயருக்கு வேலை போயிற்று. "சேவ பேப்பரு வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். தபால் பையைச் சுமந்து மலையேறும் தப்பால்காரர்கூடச் சேவலைப் பார்த்துத்தான் கட்டைப் பிரிப்பார்.

கடைசிப் பக்கத்தில் நான் ஒரு தொடர்கதை எழுதிவந்தேன். திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தோட்ட வேலைக்கு வந்து தகவலே இல்லாமல் போன அண்ணனைத் தேடிக் கப்பலேறி வருகிறாள். தோட்டம் தோட்டமாக அலைகிறாள். லயங்களில் பேப்பரை வாங்குவதே இந்தக் கதைக்காகத்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் அந்த நம்பிக்கை ஒன்றுதான் என்னை நடமாட வைத்தது. தேயிலை விலையும் ரப்பர் விலையும் எவன் வேண்டுமானாலும் அச்சடிப்பான். கதைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை எடுத்துவிட்டால், நான் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு சின்னக் கிளாக்கர், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் எஹலியகொடயிலிருந்து இன்னொரு சேவல் கிளம்பியது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஒருவர் அங்கே வாரப் பத்திரிகை தொடங்கினார். புதன்கிழமை வெளியீடு. பெயரில் முக்கால்வாசி என் பெயர். மேலே சேவல். என் சேவல் வலப்பக்கம் பார்க்கும், அவருடையது இடப்பக்கம் பார்க்கும். கொண்டை, வால், ஒற்றைக் காலைத் தூக்கியிருக்கும் தோரணை எல்லாம் அப்படியே. முதல் இதழ் சின்ன ரயிலில் வந்து என் மேசைக்கு ஏறியதும் எனக்கு ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை.

'திருட்டுச் சேவல்' என்று தலையங்கம் எழுதினேன். 'கொத்த மட்டும் தெரிந்த சேவல்' என்று அவர் பதில் எழுதினார். அடுத்த வாரம் நான் அதற்குப் பதில் எழுதினேன். அந்தச் சமயத்தில் களு கங்கை பெருகி எங்கள் கடைவீதிக்கே தண்ணீர் வந்துவிட்டது. அச்சு இயந்திரத்தின் காலை நனைத்துக்கொண்டு நின்றபடி நான் எழுதிக்கொண்டிருந்தது சேவலைப் பற்றி. வெள்ளச் செய்தி இரண்டாம் பக்கத்தில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே போயிற்று. அச்சுக் கோர்ப்பவர் மட்டும், "வெள்ளத்த மொத பக்கத்துல போடலாமேங்க, நம்ம காலுக்குக் கீழேயே இருக்கு" என்றார். பத்திரிகைத் தொழில் உமக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

வழக்குப் போட ஒரு புரொக்டரிடம் போனேன். அவர் இரண்டு பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கிறவருடைய அச்சு இயந்திரமும் மிஞ்சாது என்றார். பெல்மதுளைச் சந்தியில் கடை வைத்திருந்த ஹாஜியார் இரண்டு பத்திரிகைகளுக்கும் ஏஜெண்ட்; சொன்னால் எல்லோரும் கேட்கிற மனிதர். அவர் முன்னால் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி புரொக்டர் சொன்னார். "ஆனா ஒன்னு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றது பத்தாது. ஜனங்க நெசமாவே ஏமாறுறாங்கன்னு காட்டணும். சாட்சி கொண்டுவாங்க."

சாட்சி தேடிக் கலவானப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். அங்கேதான் என் பத்திரிகை நிறையப் போகும். மழை. அட்டைகள் என்னை ஒரு பத்திரிகாசிரியனாக மதிக்கவில்லை. கால் இரண்டிலும் இரத்தம் வழிய நான் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை பகல். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கணக்கப்பிள்ளை. வாரம் முழுக்க வருகிற பேப்பரைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமைதான் வாசிப்பாராம். நான் யாரென்று சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்தேன். சாட்சிக்கு வந்தவன்தான், அதற்கு முன்னால் என் கதைக்கு அவர்கள் உருகுவதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்ற ஆசை.

உருகத்தான் செய்தார்கள். என் கதாநாயகி ஒரு தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்கிற இடம். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்குக் காலில் கடிபட்டதெல்லாம் மறந்துபோயிற்று. கணக்கப்பிள்ளை பேப்பரை மடித்தார். உடனே இன்னொன்றை விரித்தார். எச்சில்கூட விழுங்காமல் தொடர்ந்து வாசித்தார். மாணிக்கக்கல் தோண்டும் குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நிற்கிறான். கங்காணியை அடித்துவிட்டுத் தோட்டத்தை விட்டு ஓடியவன். சிங்களக் குழிக்காரர்கள் அவனை மறைத்து வைத்திருக்கிறார்கள். யாரோடும் அதிகம் பேசமாட்டான். மேலே வாளியில் தண்ணீர் இறைக்கும் சத்தத்தை வைத்தே பொழுதைக் கணக்கிடுகிறான்.

"பாருங்க," என்றாள் கொழுந்து பறிக்கிற அம்மாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சிகாரி தோட்டந்தோட்டமா தேடுறா. இந்தப் பய குழிக்குள்ள கெடக்குறான். யாராச்சும் போயி அவகிட்ட சொல்லக்கூடாதா?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. என் கதையையும் அவர் கதையையும் இவர்கள் ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். அவருடைய ஓடிப்போனவன் என்னுடைய காணாமற்போன அண்ணன்.

"அம்மா, அது வேற பேப்பரு, இது வேற பேப்பரு," என்றேன்.

"சேவ பேப்பருங்க. வாரத்துல ரெண்டு தடவ வரும்."

"இந்தச் சேவல் இந்தப் பக்கம் பார்க்குது. அது அந்தப் பக்கம் பார்க்குது. கவனிச்சீங்களா?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "சேவலுன்னா ரெண்டு பக்கமுந்தான் பாக்குங்க."

வேறு எழுத்தாளனாக இருந்தால் அந்த இடத்தில் என்ன நினைத்திருப்பானோ தெரியாது. நான் நினைத்தது, இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்பதுதான். ஜனங்கள் ஏமாறுகிறார்கள், அதுவும் இப்படி! சந்தோஷத்தில் கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரையும் அந்த அம்மாளையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளைக்கு அழைத்துப் போக அங்கேயே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மலையிறங்கினேன்.

ஹாஜியாரின் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அதில் ஒரு முனையில் நான், மறுமுனையில் வாத்தியார். அப்போதுதான் அவரை நேரில் பார்க்கிறேன். ஒல்லியான, நரைத்த மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மூட்டையில் இருந்த எழுத்தை வாசிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் இரிங்க. மொதல்ல சாட்சிமார் கண்டதச் செல்லட்டும்," என்றார் ஹாஜியார்.

கணக்கப்பிள்ளை சொன்னார். அந்த அம்மாளும் லயத்தில் சொன்னதையே அட்சரம் பிசகாமல் சொன்னாள். முடிவில், "இந்த ஐயாமாரு எதுக்குச் சண்ட போடுறாங்கன்னு எனக்குத் தெரியலங்க. கத மட்டும் நிக்காம இருந்தா ஹரி, அது போதும்," என்றாள்.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டார். "சனங்கள் ஒரே பேப்பர் எண்டு நெனக்கிறாங்க. அப்ப சேவலும் ஒண்டுதான் இரிக்கணும். ஆரு மொதல்ல வெட்டினது?"

கட்டை வெட்டியவரின் பற்றுச்சீட்டை எடுத்து வைத்தேன். நான்தான் முதல். வாத்தியார் அதை வாசிக்கக்கூட இல்லை. தன் சட்டைப் பைக்குள்ளிருந்து மரக்கட்டைச் சேவலை எடுத்து மேசையில் வைத்தார். தோற்கத் தயாராகவே வந்திருக்கிறார். "கொழும்புல கடக்காரரு இதுதான் நல்லா இருக்குன்னு குடுத்தாருங்க. வேற வச்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

நான் இரத்தினபுரிக்குத் திரும்பி 'நீதி வென்றது' என்று தலையங்கம் எழுதினேன். முதல் பக்கத்தில்தான்.

வாத்தியார் யானை போட்டார். யானை பேப்பரைத் தப்பால்காரர் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் ஆபீசிலேயே வைத்துவிட்டார். கடையிலும் எவரும் தொடவில்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களே தள்ளாடிய காலம் வேறு. சில வாரங்களில் அவர் பத்திரிகை நின்றது. அவர் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு வழக்கத்தைவிட நன்றாக இறங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு என் விற்பனை இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்தேன். குறைய ஆரம்பித்தது. ஹாஜியாரின் கடையில் பேப்பர் தேங்கியது. காரணம் கேட்டு மறுபடியும் மலையேறினேன். இம்முறை என்னை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எங்க பயல என்னாங்க பண்ணுனீங்க?" என்றாள் அந்த அம்மாள், வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல். "குழிக்குள்ளயே விட்டுட்டீங்களே. தண்ணி ஏறுதுன்னு சொன்னதோட நிப்பாட்டிட்டீங்க. இந்தக் கவலையில மனுசன் சாப்பிடறதா வேணாமா?"

எழுதிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த இதழில் நானே அண்ணனைக் குழியிலிருந்து தூக்கினேன். வெளியே வந்ததும் அவன் தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி ஒன்றரைப் பத்தி பேசினான். எனக்குப் பிடித்திருந்தது. லயத்தில் கணக்கப்பிள்ளை பாதியிலேயே பேப்பரை மடித்துவிட்டாராம். அவரே இரத்தினபுரிக்கு வந்தபோது சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. அது அந்தப் பய இல்லன்னுட்டாங்க. அவன் இம்புட்டுப் பேச மாட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு அழுகை வந்தது. லயங்கள் காத்திருந்தது என் கதைக்காக அல்ல. பாதி என் கதைக்காக. மற்றப் பாதியை நானே யானையாக்கி அனுப்பிவிட்டேன்.

வாத்தியாரைத் தேடிப் போனேன். எஹலியகொடயில் அவருடைய பள்ளிக்கூடம் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. ரப்பர் பால் புளித்த வாடை. வாத்தியார் பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சுற்றிவளைத்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். கடைசியில், "அந்தக் குழிக்குள்ள இருக்கிறவன் எப்படி வெளியே வர்றான் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாதுங்க. உங்க பொண்ணு வந்து கூப்பிடட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"என் பொண்ணா?"

"இங்க லயத்துலயும் அவன் அவளோட அண்ணன்தான். ஆரம்பத்துல நான் அப்படி நெனச்சு எழுதல. ஜனங்க சொன்னப்பறம்தான் அவ வர்ற வழியப் பாத்துப் பாத்து எழுதுனேன். அவ கலவானப் பக்கம் திரும்புனப்போ, இவனையும் அந்தப் பக்கத்துக் குழிக்கு மாத்துனேன். கவனிச்சிருப்பீங்களே."

நான் கவனிக்கவில்லை.

"உங்க பேப்பர நான் ஒரு வரி விடாம வாசிப்பேனுங்க," என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க என்னுதுல சேவல மட்டும் பாத்துட்டீங்க."

நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவனை வெளியே கொண்டுவந்து தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். என் பெண் குழிக்கு மேலே நின்று கூப்பிடுவது வரை நான் எழுதுவது, அதற்குப் பிறகு என் பத்திரிகையிலேயே அவர் எழுதுவது என்று பேசிக்கொண்டோம்.

அப்படியே வந்தது. அவள் கூப்பிட்டாள். கீழேயிருந்து பதிலே இல்லை. வாளிக் கயிறு மட்டும் ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான் எழுதியிருந்தார் மனிதர். அச்சுக் கோர்ப்பவர் எழுத்துகளை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். என் எழுத்துக்கு அவர் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை.

செய்த வினைக்குப் பரிகாரமாக, ஹாஜியார் கடையில் வாத்தியார் விட்டுப்போன அந்தப் பழைய கட்டையை வாங்கி வந்து, அந்த இதழிலிருந்து தலைப்பில் இரண்டு சேவல்களையும் போட்டேன். ஒன்றையொன்று பார்த்தபடி. மனம் நிறைந்து, நானே எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை வாசித்து முடித்ததும் அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு பேப்பரைக் கையில் வாங்கி, மேலே இருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பத்தான் நம்ம பேப்பரு பழையபடி வந்துருக்கு. ஆனா இது என்னாத்துக்குங்கய்யா ரெண்டு சேவ?" என்றாள். "முன்ன ஒன்னுதானே இருந்துச்சு."