பென்சிலில் நின்ற மூன்றாம் வரி

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறவருக்குத் தெரு வைத்த பெயர் ‘எழுதியாச்சு’. மழை பெய்தாலும் சரி, தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் சரி, "எல்லாம் எழுதியாச்சுப்பா" என்பார். யார் யாருக்கு இரட்சிப்பு என்று உலகம் உண்டாகும் முன்பே கர்த்தர் பட்டியல் போட்டுவிட்டார் என்பது அவருடைய சபையின் நம்பிக்கை. அதில் அடித்தல் திருத்தல் கிடையாது. அவர் தொழிலும் அப்படித்தான். முழுக் கல்லுக்கும் முதலில் பென்சிலில் எழுதி முடிப்பார். உளி அதன்மேல் போகும்.

மனைவியின் தம்பி பஸ் டிரைவர், வேறு சபை. ஞாயிறு மதியம், சாப்பிட்ட கை காயும்வரை இருவருக்கும் வழக்கு.

"பஸ்ஸை நிறுத்துறது ஆண்டவர் வேலை அத்தான். ஏறுறது நம்ம காலு."

"சீட்டெல்லாம் முன்னாடியே பதிவாயிடுச்சு மாப்ள. கண்டவனும் ஏற முடியாது."

"அப்போ காலி பஸ்ஸைத்தான் ஓட்டுறாரு உங்க ஆண்டவரு!"

அவருடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெயரும் தேதிகளும் எல்லோருடைய கல்லிலும் இருக்கும். கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற மூன்றாம் வரி மட்டும் கடைசிவரை சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு வந்தவர்களுக்கே. தெரிந்தெடுக்கப்பட்டவன் விலகிப் போகமாட்டானாம். குடித்தே செத்த தையல்காரரின் மனைவி அந்த வரிக்காகப் பட்டறை வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். "கல்லுல பொய் வெட்ட மாட்டேம்மா" என்று அனுப்பிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார்.

அவருடைய மகனே நான்கு வருடமாகச் சபை வாசலை மிதிக்கவில்லை. "எல்லாம் எழுதியாச்சுன்னா, நான் வந்தா என்ன, வராட்டி என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டான். பதில் தெரியாத அப்பாக்கள் குரலை உயர்த்துவார்கள், இவரும் உயர்த்தினார். "நீ பட்டியல்லயே இல்லடா. அதான் இப்படிப் பேசுற."

மகன் சிரித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அதன்பின் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. போன வருடம் அந்த பைக் மீது லாரி மோதியது. இனி எடுக்க ஆளும் இல்லை.

மகனின் கல்லில் பெயரும் இரண்டு தேதிகளும் வெட்டியாயிற்று. கை அதோடு நின்றுவிட்டது.

"ஊருக்கெல்லாம் வெட்டுன கை, எம்புள்ளைக்கு ஒரு வரி வெட்டாதா?" என்றாள் மனைவி.

டிரைவர் கல்தூசியிலேயே வந்து உட்கார்ந்தார். "அத்தான், அவன் பேரு பட்டியல்ல இருந்திருக்கும். இருந்தா அழியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? வெட்டுங்க."

"அதை விடு மாப்ள. லாரியைப் பாத்த அந்த நொடியில மனசு திரும்பியிருப்பானா? நீ வண்டி ஓட்டுறவன், சொல்லு. எவ்வளவு நேரம் கிடைச்சிருக்கும்?"

இருபது வருட வழக்கில் வாதியும் பிரதிவாதியும் கட்சி மாறிவிட்டார்கள். இருவருக்கும் அது உறைக்கவில்லை.

"கிடைச்சிருக்கும் அத்தான். நிறைய நேரம்" என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கல் நட்டாயிற்று. மூன்றாம் வரி பென்சிலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவிவிடும். மழை விட்ட மறுநாள் ‘எழுதியாச்சு’ பென்சிலைச் சீவிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். மகனுக்கு எழுதி முடித்ததும் பின்வரிசையில் தையல்காரர் கல் முன்னால் அதே பென்சிலோடு முட்டி போடுகிறார். உளியை அவர் எடுத்துப் போவதில்லை.